விளையாட்டுத் துறையில் வணிகப் பணி: பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐ.பி.எல்., புரோ கபடி, டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்) போன்ற தொழில்முறைப் போட்டிகளின் அலுவலக வேலைகளுக்கு வர விரும்பும் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. விளையாட்டு வீரராவது எப்படி என்பது இங்கே இல்லை. டிக்கெட் விற்பது, ஸ்பான்சர் பிடிப்பது, போட்டியை நடத்துவது, கணக்கு பார்ப்பது ஆகியவற்றைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

எனக்கு விளையாட்டு என்றால் உயிர். ஆனால் பள்ளி அணியில்கூட இடம் கிடைத்ததில்லை. எனக்கு இந்தத் துறையில் இடம் உண்டா?

உண்டு. வணிகப் பிரிவில் இருக்கும் பலர் போட்டி நிலையில் ஆடியவர்கள் இல்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: விளையாட்டு மீதான ஆர்வம் விண்ணப்பிக்கிற எல்லோரிடமும் இருக்கிறது. அதை வைத்து யாரும் யாரையும் வேலைக்கு எடுப்பதில்லை. ‘இந்தப் பையனிடம் கணக்கை நம்பி ஒப்படைக்கலாம்’, ‘இந்தப் பொண்ணு பத்துக் கடை ஏறி இறங்கி இரண்டு ஸ்பான்சரோடு வருவாள்’ என்று சொல்ல வைக்கும் திறமை ஒன்று வேண்டும். பள்ளிப் பருவத்தில் அப்படி ஒரு திறமையை வளர்த்துக்கொண்டு, அதற்கு ஓர் அத்தாட்சியும் வைத்திருந்தால் போதும்.

இந்தத் தொழிலில் பணம் எங்கிருந்து வருகிறது? அதை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டுமா?

கட்டாயம். எந்த வேலைக்கு ஆள் தேவைப்படும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

ஐ.பி.எல்.லை எடுத்துக்கொள்வோம். 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. கணக்கில் எடுத்துக்கொண்ட ஆட்டங்கள் 410. வகுத்துப் பாருங்கள், ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 118 கோடி. இந்த உரிமையை விற்பது கிரிக்கெட் வாரியம். அந்தப் பொதுத் தொகுப்பிலிருந்து அணிகளுக்குப் பங்கு போகிறது. ஆக, அணியின் வருமானத்தில் பெரிய துண்டு அணி அலுவலகம் தேடிப் பிடித்தது அல்ல. அணி தானாகச் சம்பாதிப்பது சட்டையிலும் தலைக்கவசத்திலும் இடம் விற்கும் ஸ்பான்சர் பணம், டிக்கெட், டி-ஷர்ட், தொப்பி போன்ற பொருள் விற்பனை ஆகியவற்றில்.

இப்போது இன்னொரு எண்ணைப் பாருங்கள். லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டம், அதில் சொந்த மைதானத்தில் 7. ஆண்டு முழுவதும் டிக்கெட் விற்க 7 நாள்தான். அதனால்தான் நிரந்தர ஊழியர் எண்ணிக்கை குறைவாகவும், பிப்ரவரி முதல் ஜூன் வரையிலான தற்காலிக வேலைகள் அதிகமாகவும் இருக்கின்றன. இந்த ஒரு கணக்கு புரிந்தாலே ‘சி.எஸ்.கே.வில் வேலை வாங்குவது எப்படி?’ என்ற கேள்வியின் வடிவம் மாறிவிடும்.

மேலும் படிக்க விரும்பினால் இரண்டு ஆவணங்களைத் தேடுங்கள். சி.எஸ்.கே. அணியை நடத்தும் சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட் பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம் என்றாலும் அதன் ஆண்டறிக்கை பொதுவெளியில் கிடைக்கிறது. 2012 முதல் நியூயார்க் பங்குச்சந்தையில் இருக்கும் இங்கிலாந்து கால்பந்து கிளப் மான்செஸ்டர் யுனைடெட், தன் வருமானத்தை வணிகம், ஒளிபரப்பு, ஆட்டநாள் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் தெரிந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். முதல் வாசிப்பில் பாதி புரியாது. லாப நட்டக் கணக்குப் பக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அணிகள் மட்டும்தான் வேலை கொடுக்கின்றனவா?

இல்லை. உண்மையில் அணிகளைவிட அவற்றைச் சுற்றியிருக்கும் நிறுவனங்களில்தான் வாய்ப்பு அதிகம். நிகழ்ச்சி நடத்தும் ஏஜென்சிகள், டிக்கெட் விற்கும் தளங்கள், வீரர்களின் விளம்பர ஒப்பந்தங்களைக் கவனிக்கும் நிறுவனங்கள், ஸ்பான்சர் தரும் கம்பெனியின் மார்க்கெட்டிங் பிரிவு, ஒளிபரப்பு நிறுவனங்கள், விளையாட்டுப் பொருள் தயாரிப்பாளர்கள், மாநில, மாவட்ட சங்கங்கள், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் என்று பட்டியல் நீளும். விளம்பரப் பணத்தில் கிரிக்கெட்டின் பங்கு மிகப் பெரியது. ஆனால் வேலை கற்றுக்கொள்ளக் கபடியும் வாலிபாலும் நல்ல இடம். ஆள் குறைவு என்பதால் ஒருவரே நான்கு வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுக்கலாம்?

எந்த குரூப்பும் கதவை மூடாது. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இன்னும் இருந்தால் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியலோடு நான்காவது பாடமாக வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் உள்ள குரூப் நல்லது. அந்தப் பாடத்தைக் கண்டு பயந்து விலகுகிறவர்கள் பலர். பின்னாளில் டிக்கெட் விலை நிர்ணயம் செய்யும்போது தேவைப்படுவது அதே சதவீதமும் சராசரியும்தான். அறிவியல் குரூப்பில் சேர்ந்துவிட்டவர்கள் மாற வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலை எடுத்து, இறுதிக் கணக்குகள் வரை போட்டுப் பாருங்கள். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம்.

பள்ளியில் இருக்கும்போதே ஒரே ஒரு வேலை செய்யலாம் என்றால், எதைச் செய்வது?

ஒரு போட்டித் தொடரை முழுதாக நடத்துங்கள். திட்டமிடல், பணம், ஆட்கள், நேரம், பிரச்சினை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அதற்கு முன், பள்ளிக்குக் குறுவட்ட, மாவட்ட விளையாட்டுப் போட்டிகளோ முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளோ வரும்போது உடற்கல்வி ஆசிரியரிடம் போய், “சார், ஸ்கோர் ஷீட்டும் அணிப் பதிவும் நான் பார்த்துக்கிறேன்” என்று கேளுங்கள். அது முதல் படி. பிறகு சொந்தமாக ஒன்று.

எட்டு அணிகள் ஆடும் மாணவர் கபடித் தொடரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தலா நான்கு அணிகள் கொண்ட இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்கு 6 ஆட்டம் வீதம் லீக் 12, அரையிறுதி 2, இறுதி 1. மொத்தம் 15 ஆட்டம்.

ஒரு பாதி 20 நிமிடம், இடைவேளை 5, அடுத்த பாதி 20. ஆக 45 நிமிடம். டைம் அவுட், அடுத்த அணி உள்ளே வருவது, கோடு திருத்துவது எல்லாம் சேர்த்து ஓர் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காலை 8 முதல் மாலை 5 வரை, ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை போக, ஓர் ஆடுகளத்தில் 8 ஆட்டம்தான் முடியும். ‘இரண்டு ஆடுகளம் போட்டு ஒரே நாளில் முடித்துவிடலாம்’ என்று தோன்றும். அப்படிச் செய்தால் இறுதிக்கு வரும் அணி ஒரே நாளில் ஐந்து ஆட்டம் ஆட வேண்டும். நான்காவது ஆட்டத்தில் கால் பிசகுவது அப்படித்தான் நடக்கிறது. நடுவர்களும் இரு மடங்கு தேவை.

அதைவிட நல்ல ஏற்பாடு: ஒரே ஆடுகளம், சனி, ஞாயிறு. சனிக்கிழமை 8 லீக் ஆட்டம், ஒவ்வோர் அணிக்கும் இரண்டு. ஞாயிறு காலை 8 முதல் 12 வரை மீதி 4 லீக் ஆட்டம், 1.30க்கும் 2.30க்கும் அரையிறுதி, 4 மணிக்கு இறுதி. கூட்டம் சேரும் நேரத்தில் இறுதிப்போட்டி வருகிறது. ஸ்பான்சருக்கும் அதுதான் பிடிக்கும்.

ஆள் கணக்கு: அணிக்கு 12 பேர் வீதம் 96, அணி மேலாளர்கள் 8. ஓர் ஆட்டத்துக்கு நடுவர், இரண்டு கள நடுவர்கள், ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர்கள் என 6 பேர். நாள் முழுவதும் அவர்களே நிற்க முடியாது என்பதால் இரண்டு செட், 12. தொண்டர்கள் 14. மொத்தம் 130. வெயில் நாளில் தலைக்கு 3 லிட்டர் தண்ணீர் என்றால் 390 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஒரு நாளைக்கு 20. இரண்டு நாளுக்கு 40. முதல்முறை நடத்துகிறவர்கள் கோப்பைக்குச் செலவழித்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீருக்கு ஓடுவார்கள். கேனை முதலில் எழுதுங்கள்.

அனுமதிகளை ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். தலைமை ஆசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி, மைதானத்துக்கு அனுமதி, மைக் செட் வைக்கக் காவல் நிலையத்தில் கடிதம், ஒவ்வொரு மாணவரின் பெற்றோர் ஒப்புதல். முதலுதவிப் பெட்டியும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும் ஆடுகளத்தின் ஓரத்திலேயே இருக்க வேண்டும். அருகிலிருக்கும் மருத்துவமனைக்கு எந்த வழியாகப் போவது, எந்த வண்டி நிற்கும் என்பதை முந்தைய நாளே முடிவு செய்யுங்கள்.

ஸ்பான்சர் கேட்க எப்படிப் போவது? கடைக்காரர்கள் விரட்டிவிடுகிறார்கள்.

நன்கொடைப் புத்தகத்தோடு போனால் விரட்டத்தான் செய்வார்கள், அல்லது 200 ரூபாய் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நீங்கள் விற்கப் போகிறீர்கள். என்ன விற்கிறீர்கள் என்பதை முதலில் பட்டியலிடுங்கள்: தொடரின் பெயரோடு சேரும் பெயர், மேடைப் பின்திரை, ஆடுகள ஓரத்தில் 10க்கு 4 அடி பேனர் இடங்கள், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் மைக் அறிவிப்பு, தொண்டர் டி-ஷர்ட்டின் முதுகு, சிறந்த ரெய்டர் பரிசு.

மேலே சொன்ன தொடருக்கு ஒரு மாதிரிக் கணக்கு. செலவு 50,000 ரூபாய், எதிர்பாராததற்குப் பத்து சதவீதம் சேர்த்து 55,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் அணிக்கு 1,500 வீதம் 12,000. மீதி 43,000. தலைப்பு ஸ்பான்சர் ஒருவர் 20,000, துணை ஸ்பான்சர் மூவர் தலா 6,000, சிறு கடைகள் ஐந்து தலா 1,000. சரியாக 43,000 வந்துவிடும். விலைகளை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முறை இதுதான்.

ஒரே பக்கத்தில் இதை எழுதி, வியாபாரம் மந்தமாக இருக்கும் காலை 11 மணிக்குக் கடைக்குப் போங்கள். மாலையில் போகாதீர்கள். முதலாளியிடம் முதல் நிமிடத்திலேயே யார் வருகிறார்கள் என்று சொல்லுங்கள்: “எட்டு ஸ்கூல் பசங்க, கூடவே அவங்க அப்பா அம்மா வர்றாங்க சார். எல்லாம் நம்ம கடைக்கு வர்ற ஏரியாதான்.” நோட்டுப்புத்தகக் கடை, டியூஷன் சென்டர், பேக்கரி, பல் மருத்துவமனை, ஷூ கடை ஆகியவற்றுக்கு இந்தக் கூட்டம் நேரடி வாடிக்கையாளர். தங்கநகைக் கடைக்குப் பொதுவாக அப்படி இல்லை. எட்டு அல்லது பத்துக் கடைக்கு ஒன்று சம்மதித்தாலே நல்ல விகிதம்.

போட்டி முடிந்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு ஸ்பான்சரிடமும் நேரில் போய் இரண்டு பக்க அறிக்கை கொடுங்கள். பேனர் தெரியும் ஐந்து படங்கள், எத்தனை முறை பெயர் அறிவிக்கப்பட்டது, எவ்வளவு பேர் வந்தார்கள். இதை மாணவர்கள் பெரும்பாலும் செய்வதே இல்லை. அடுத்த ஆண்டு அதே கடை மறுபடி பணம் தருமா என்பதை இந்த அறிக்கைதான் முடிவு செய்கிறது. பெரிய லீக்குகளிலும் ஸ்பான்சர் பிரிவில் புதிதாகச் சேர்கிறவரிடம் ஒப்படைக்கப்படுவது பெரும்பாலும் இதே வேலைதான்.

இதில் வழக்கமாக எங்கே சறுக்குகிறது?

ஒரே தொழிலில் இருவரிடம் பணம் வாங்குவது முதல் தவறு. இரண்டு டியூஷன் சென்டர்களின் பேனர் எதிரெதிரே தொங்கினால் இருவரும் கோபித்துக்கொள்வார்கள். ஒரு தொழிலுக்கு ஒரு ஸ்பான்சர் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது பணம். ஒரு மாணவரின் சொந்த ஜிபே எண்ணில் வசூல் செய்யாதீர்கள். எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் சந்தேகம் வரும். பள்ளி வழியாக ரசீது போட்டு வாங்கி, ஒவ்வொரு செலவுக்கும் பில் வைத்து, ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர் என இருவர் கையெழுத்திட்டு முடியுங்கள். முடிந்ததும் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

பேனர் அச்சடிக்கும் முன் பெயர், லோகோ, எழுத்துப்பிழை மூன்றையும் ஸ்பான்சரிடம் வாட்ஸ்அப்பில் காட்டி ‘ஓகே’ வாங்கிவிடுங்கள். பேனரைப் பொதுச் சாலையில் கட்டாதீர்கள், அதற்கு உள்ளாட்சி அனுமதி தேவை. புகையிலை, மது நிறுவனங்களின் பணமும், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளின் பணமும் பள்ளிப் பக்கமே வரக் கூடாது. 2025இல் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்குப் பிறகு இந்திய கிரிக்கெட் அணியின் சட்டை ஸ்பான்சராக இருந்த டிரீம்11 என்ற ஆன்லைன் விளையாட்டு நிறுவனம் விலக வேண்டியிருந்தது. சட்டம் ஒன்று மாறினால் வருமானம் எப்படி ஆடும் என்பதற்கு அது கண்ணெதிரே நடந்த பாடம்.

கம்ப்யூட்டரில் எதைக் கற்றுக்கொள்வது?

எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட்ஸ். அதிலும் வடிகட்டுதல், நிபந்தனைக் கூட்டல், ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்குத் தேடி எடுப்பது, பிவட் அட்டவணை (தரவைத் தொகுத்துக் காட்டுவது), ஒரு நல்ல வரைபடம். பைத்தான் போன்ற நிரல்மொழி பிறகு வரட்டும். பயிற்சிக்கு கிரிக்‌ஷீட் தளத்தில் பந்துவாரியான கிரிக்கெட் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் யார் அதிக சிக்ஸர் அடித்தார் என்பதோடு நின்றுவிட வேண்டாம். அது அணித் தேர்வுக்கான பகுப்பாய்வு, தனித் துறை. வணிகக் கேள்வி வேறு மாதிரி இருக்கும்: வார நாள் ஆட்டத்துக்கும் ஞாயிறு ஆட்டத்துக்கும் கூட்டம் எப்படி மாறுகிறது? எந்த ஸ்டாண்ட் கடைசியில் நிரம்புகிறது? உங்கள் பள்ளித் தொடரிலேயே மணிக்கு ஒருமுறை தலை எண்ணி ஷீட்டில் ஏற்றுங்கள்.

டிவியில் மேட்ச் பார்ப்பதையே படிப்பாக மாற்ற முடியுமா?

முடியும். ஓர் ஐ.பி.எல். ஆட்டத்தைக் கையில் நோட்டோடு பாருங்கள். மார்பில் யார் பெயர், கையில் யார், தலைக்கவசத்தில் யார், எல்லைக்கோட்டு எல்.ஈ.டி. பலகை எத்தனை நொடிக்கு ஒருமுறை மாறுகிறது? இரண்டரை நிமிட ‘ஸ்ட்ராட்டஜிக் டைம் அவுட்’ ஓர் இன்னிங்ஸில் இரண்டு முறை வரும். களத்தில் ஆலோசனை நடக்கும் அந்த நேரம் டயர் கம்பெனி ஒன்றுக்கு விற்கப்பட்ட இடம், விளம்பரத்துக்கும் கிடைத்த நேரம். ஆட்ட விதியும் வருமானமும் எங்கே சேர்கின்றன என்பது அங்கே தெரியும். பிறகு புரோ கபடி சீசன் வரும்போது ஓர் ஆட்டத்தைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது. பாதகமா?

மின்னஞ்சலும் ஒப்பந்தமும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தினம் ஒரு மின்னஞ்சல் எழுதிப் பழகினால் இரண்டு ஆண்டில் சரியாகிவிடும். அதே சமயம் தமிழில் பிழையில்லாமல், சுருக்கமாக, சுவையாக எழுதத் தெரிந்தவர்களுக்குத் தட்டுப்பாடு இருக்கிறது. ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசை 2017இல் வந்தது. அணிகளின் சமூக வலைதளப் பக்கங்களும் தமிழில் பேசுகின்றன. ஆங்கில வரியை அப்படியே மொழிபெயர்த்த பதிவுக்கும், ரசிகர் பேசுகிற தமிழில் எழுதிய பதிவுக்கும் உள்ள வித்தியாசம் படிக்கிறவருக்கு உடனே தெரியும்.

பதினெட்டு வயது ஆகவில்லை. இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?

பெரிய லீக் அணிகளில் எதிர்பார்க்காதீர்கள். மாவட்ட சங்கப் போட்டிகள், உள்ளூர் அகாடமிகள், ஊர் டோர்னமென்ட்கள் ஆகியவற்றில் உதவியாளராக இடம் கிடைக்கும். டி.என்.பி.எல். சென்னைக்கு வெளியே கோவை, சேலம், நத்தம், திருநெல்வேலி ஆகிய இடங்களிலும் நடந்திருக்கிறது. அருகில் நடந்தால் டிக்கெட் வாங்கிப் போய், நுழைவு வாயில், உணவுக் கடை, வெளியேறும் வழி மூன்றையும் கவனியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ‘ஐ.பி.எல். அணியில் வேலை, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று வரும் வாட்ஸ்அப் செய்தி எதுவாக இருந்தாலும் மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பவர் பணம் கேட்க மாட்டார். ஆதார் நகல், வங்கி விவரம், ஓ.டி.பி. எதையும் அனுப்பாதீர்கள்.

பிளஸ் டூவுக்குப் பிறகு நேராக ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் படிக்கலாமா?

எங்கள் கருத்து: முதல் பட்டம் பொதுவானதாக இருக்கட்டும். பி.காம்., பி.பி.ஏ., புள்ளியியல், விஷுவல் கம்யூனிகேஷன், ஐந்தாண்டுச் சட்டம் எதுவும் பொருந்தும். விளையாட்டில் வேலை கிடைக்காத ஆண்டில் வேறு துறையில் சம்பாதிக்க அது கைகொடுக்கும். மேல்படிப்பில் விளையாட்டு மேலாண்மைக்குப் போகலாம். புனே சிம்பயாசிஸ் பல்கலைக்கழகம், கொல்கத்தாவின் ஐ.ஐ.எஸ்.டபிள்யூ.பி.எம். மேலாண்மைக் கல்வி நிறுவனம் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை. சென்னை அருகே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எங்கே சேர்வதானாலும் கட்டணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: கடந்த ஆண்டு முடித்தவர்கள் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள்.

பெற்றோராகக் கேட்கிறேன். இது நிலையான வேலையா?

முழுக்க நிலையானது என்று சொன்னால் பொய். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடரின் அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. நடத்தும் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததே காரணம். சில கிளப்புகள் பணிகளை நிறுத்தி, சம்பளத்தையும் நிறுத்திவைத்தன. களத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு காகிதம் அத்தனை குடும்பங்களைப் பாதித்தது. ஐ.பி.எல். ஏலத்தில் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த்துக்கு 27 கோடி கொடுத்தார்கள் என்பதை வைத்து அலுவலகச் சம்பளத்தைக் கணக்கிட வேண்டாம், இரண்டுக்கும் தொடர்பில்லை. பிள்ளை கணக்கு, விற்பனை, எழுத்து போன்ற எங்கும் செல்லுபடியாகும் திறமையோடு வந்தால் ஆபத்து பாதியாகும்.

மகளை அனுப்புவது பற்றியும் கேட்கிறார்கள். பெண்கள் இத்துறையின் எல்லாப் பிரிவிலும் இருக்கிறார்கள். ஆனால் 7.30 மணி ஆட்டம் முடிந்து மைதானம் காலியாக நள்ளிரவு ஆகிவிடும். வேலையில் சேரும் முன் வீடு திரும்ப வாகன ஏற்பாடு உண்டா என்று எழுத்தில் கேட்பது அவளுடைய உரிமை. நல்ல நிறுவனம் தயங்காமல் பதில் சொல்லும்.

பயோடேட்டாவில் என்ன எழுதுவது?

ஒரே பக்கம். ‘கிரிக்கெட் ரசிகர்’, ‘கடின உழைப்பாளி’ ஆகிய வரிகளை எடுத்துவிடுங்கள். ‘எட்டு அணிகள், 15 ஆட்டங்கள் கொண்ட கபடித் தொடரை நடத்தினேன். வரவு 55,000, செலவு 51,200. ஒன்பது ஸ்பான்சர்கள். பட்ஜெட்டும் அறிக்கையும் இணைப்பில்’ என்ற மாதிரி எண்களோடு எழுதுங்கள், எண்கள் உங்களுடைய உண்மையான எண்களாக இருக்கட்டும். நேர்காணலில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். தண்ணீர் ஏன் தீர்ந்தது, மழை வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டால் பதில் தயாராக இருக்க வேண்டும். அதற்காகத் தொடர் முடிந்த அன்றிரவே, மறப்பதற்கு முன், நடந்த குளறுபடிகளை ஒரு தாளில் எழுதிப் பட்ஜெட் கோப்போடு வைத்துவிடுங்கள்.